கண்ணீர்ச்சாமியின் மூச்சுக்காற்று

"முகமூடியை விட்டுட்டுப் போன திருடனை இன்னிக்குத்தான் சார் மொதல்ல பாக்குறேன்" என்றாள் கவிநிலா.

அவள் ஒற்றை விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டிருந்தது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ஆஸ்பத்திரி முகமூடி. பரசுராமன் சிரிக்கவில்லை. காலையில் பெரிய கோயில் வாசலில் கழற்றிவிட்ட அவருடைய புதுச் செருப்பை எவனோ போட்டுக்கொண்டு போய்விட்டான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். வேலூரில் பெயர்ப்பலகை மாட்டிய துப்பறியும் நிபுணர், அடி அண்ணாமலையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். அதைப் பற்றி அவருடைய உதவியாளர் கவிநிலா இதுவரை வாயைத் திறக்கவில்லை. எதற்கோ சேர்த்து வைத்திருக்கிறாள் என்பதுதான் அவருக்கு எரிச்சல்.

கிரிவலப் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. சுவரோரம் ஓர் இரும்புத் தாங்கி காலியாக நின்றது. நேற்று வரைக்கும் அதில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. இடுப்பு உயரம்கூட வராத சின்ன சிலிண்டர். உடம்பு கறுப்பு, கழுத்து வெள்ளை. அதன் தலையில் பொருத்துகிற ரெகுலேட்டர், ரப்பர் குழாய், முகமூடி மூன்றையும் பதவிசாகக் கழற்றி வைத்துவிட்டு, சிலிண்டரை மட்டும் யாரோ கொண்டுபோயிருந்தார்கள்.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அது கிடைச்சாகணும் சார்" என்றார், அதை அங்கே கொடுத்துவைத்தவரும் இப்போது அவர்களை வரவழைத்தவருமான டாக்டர் அன்புச்செல்வி. "சென்னையிலேர்ந்து வேற ஒண்ணு கிளம்பிடுச்சு. பௌர்ணமிக்காக ரோட்டை மறிச்சதால நாளைக்குத்தான் வந்து சேரும். போலீஸ்ல சொன்னேன், பந்தோபஸ்து முடியட்டும்னுட்டாங்க. ஆதிமூலம் ஒரு நாள் தாங்குவாரான்னு எனக்கு பயமா இருக்கு."

"என்ன வியாதி?"

"தலைவலி."

கவிநிலாவின் கண்கள் மின்னின. "தலைவலிக்கு ஆக்சிஜனா? அப்ப ஜலதோஷத்துக்கு ஹெலிகாப்டரா டாக்டர்?"

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தலைவலி ஆராய்ச்சிக்காகவே பக்கத்து வேங்கிக்காலில் வீடு பிடித்து இரண்டு வருஷமாக இந்த வட்டாரத்தைச் சுற்றுகிறவர். இந்தக் கேலியெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது மரத்திருக்கும்.

"ஒற்றைத் தலைவலி வந்தவங்க இருட்டு ரூம்ல அசையாம படுத்துக்குவாங்க. இது அது இல்லம்மா. கொத்துத் தலைவலி. ஒரு கண்ணுக்குப் பின்னாடி காய்ச்சின கம்பியை விட்டுத் திருகுற மாதிரி இருக்கும். படுக்க முடியாது, உக்கார முடியாது, பித்துப் பிடிச்ச மாதிரி நடப்பாங்க. அந்த ஒரு கண்ணு மட்டும் செவந்து தண்ணியா ஊத்தும். வருஷத்துல ரெண்டு மூணு மாசம் சீசன். சீசன்ல தினமும் அதே நேரத்துக்கு வரும். தாங்காம தூக்கு மாட்டிக்கிட்டவங்க உண்டு. ஆக்சிஜனை நல்லா இழுத்தா கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

கவிநிலா முகமூடியை மெல்லத் தாங்கியிலேயே வைத்தாள்.

"காரணம்?" என்றார் பரசுராமன்.

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். ரத்தக் குழாய் வீங்குறதாலன்னு ரொம்ப நாளா சொன்னாங்க. நாலு வருஷம் முன்னாடி வெளிநாட்டுல, வலி வந்த நேரத்துலயே மூளையைப் படம் எடுத்துப் பாத்தாங்க. மூளைக்கு அடியில, நம்ம தூக்கத்தையும் பசியையும் நேரத்துக்கு நடத்துற ஒரு துளி இடம் இருக்கு. உள்ளுக்குள்ள இருக்குற கடிகாரம்னு வெச்சுக்குங்க. அங்கதான் வேலை நடக்குது. அதான் சொல்லிவெச்ச மாதிரி வருது. ஆதிமூலம் மாதிரி ஒழுங்கா வலி வர்ற ஆள் எனக்கு வேற கிடைக்கல."

அப்படியே ஆதிமூலத்தின் கதையையும் சொன்னார் டாக்டர். கீழ்பென்னாத்தூரில் லாரி மெக்கானிக்காக இருந்தவர். பன்னிரண்டு வருஷமாக அந்த ஊரில் கத்தியிருக்கிறார். நல்ல பற்கள் மூன்றைப் பிடுங்கினார்கள். வேப்பிலை அடித்தார்கள். கடைசியில் நடிக்கிறான் என்று சொல்லிப் பட்டறையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த இடத்தில் வலி கிளம்பியிருக்கிறது. ஒற்றைக் கண்ணில் தாரை தாரையாக நீர் வழிய, தலையில் அடித்துக்கொண்டு, "அப்பா அப்பா" என்று பாதையில் ஓடியிருக்கிறார். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்துவிட்டார்கள். யாரோ காலில் விழுந்தார்கள். யாரோ கற்பூரம் காட்டினார்கள். பழச்சாறுக் கடை வைத்திருந்த சின்னசாமி தகரக் கொட்டகை போட்டான். கண்ணீர்ச்சாமி பிறந்துவிட்டார். வலி என்று அழுதவனை நம்பாத ஜனம், சாமி என்றதும் வரிசையில் நிற்கிறது. இந்த மாதிரி விஷயங்களைக் கேட்டால் பரசுராமனுக்கு வாயெல்லாம் கசக்கும்.

உள் அறையிலிருந்து ஆதிமூலம் வந்தார். மெலிந்த உடம்பு, பணிவான முகம். சாமி என்று சொல்ல எதுவும் இல்லை, இடுப்பிலிருந்த காவி வேட்டியைத் தவிர.

"எப்டியாவது கண்டுபுடிச்சுக் குடுங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "வெயிலு தணிஞ்சா வந்துரும். அது வர்றதுக்குள்ள... உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போவும்."

பரசுராமனுக்கு நிஜமாகவே இரக்கமாக இருந்தது. ஆதிமூலத்தின் மனைவி பொன்னி பின்னாலேயே டீ கொண்டுவந்தாள். தம்ளரை இடது கையால் நீட்டினாள். வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். அதை மனசில் ஓர் ஓரமாகப் போட்டுவைத்துவிட்டு டீயைக் குடித்தார்.

முதலில் போனது ஊர் எல்லையில் இருந்த சாந்த் பாஷாவின் வெல்டிங் பட்டறைக்கு.

"இந்த சுத்துப்பட்டுல எவன் சிலிண்டர் காணாமப் போனாலும் எங்கடைக்குத்தான் வர்றீங்க" என்று சீறினார் பாஷா. "கோழி காணோம்னா பிரியாணிக் கடையில பூந்து அண்டாவைத் தொறக்கிற கதையா இருக்குது. பாத்துக்குங்க. ரெண்டு இருக்குது, ரெண்டும் என் உசரம்."

"கோச்சுக்காதீங்க பாய். ஒரே ஒரு கேள்வி. உங்க பட்டறையில திருடன் வந்தா மொதல்ல எதை எடுப்பான்?"

"ரெகுலேட்டரைத்தான். பையில போட்டுக்கினு போயிரலாம். சிலிண்டரைத் தூக்கினு போய் அவன் இடுப்பை ஒடிச்சுக்கணுமா?"

வெளியே வந்ததும் கவிநிலா, "ஜாஸ்தி கேள்வி கேக்கலியே சார்?" என்றாள்.

"போதும். விக்கிறதுக்கு எடுத்திருந்தா ரெகுலேட்டர் போயிருக்கும். மூச்சு இழுக்க எடுத்திருந்தா முகமூடி போயிருக்கும். ரெண்டும் அங்கயே இருக்கு. எடுத்த ஆளுக்குக் காத்தும் வேண்டாம், காசும் வேண்டாம். ஆதிமூலத்துக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் எண்ணம்."

"அப்ப சின்னசாமி! வலி நின்னா கண்ணீர் நின்னுரும். கண்ணீர் நின்னா உண்டியலும்..."

"அப்படித்தான் நானும் நினைக்கிறேன்."

நினைத்தது தப்பு. சின்னசாமி கொட்டகை வாசலில் எலுமிச்சம்பழங்களை அடுக்கிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"நானா? போன பௌர்ணமிக்கும் அந்த சிலிண்டரு இங்கதானே சார் இருந்துச்சு? கூட்டம் என்ன கொறைஞ்சா பூட்டுது? வலி வந்தா அழுவாரு, ஜனம் அழும். அப்பறம் மூச்சு இழுத்துட்டு செவனேன்னு சிரிச்ச மொகமா உக்காருவாரு. சாமி சிரிச்சிடுச்சுடான்னு அதுக்கு ஒரு வாட்டி விழுந்து கும்புடுவாங்க. எனக்கு ஜாஸ்திதான் ஆச்சு, கம்மியாவல. நான் ஏன் எடுக்குறேன்?"

அயோக்கியனின் கணக்கு சில சமயம் யோக்கியனின் கணக்கைவிடச் சுத்தமாக இருந்துவிடுகிறது.

"சார்" என்று கொட்டகைக்குப் பக்கவாட்டிலிருந்து கவிநிலா கூப்பிட்டாள். ஒரு கோணிச்சாக்கைக் காலால் தள்ளிக் காட்டினாள். உள்ளே பிராந்தி பாட்டில்கள், எல்லாம் காலி. "சாமி தீர்த்தம் குடுக்குதுன்னு சொன்னாங்க. இவ்ளோ காரமா இருக்கும்னு சொல்லலியே."

சின்னசாமி தலையைச் சொறிந்தான். "அது... சாமிக்குத்தான். வாங்கியாரச் சொல்லும்."

டாக்டர் திகைத்துப்போனார். "இப்பவா? சீசன்லயா? இருக்கவே இருக்காது. சீசன்ல ஒரு வாய் குடிச்சாலும் வலி உடனே கிளம்பிடும். இந்த வியாதி வந்த எவனும் வலி மாசத்துல தொட மாட்டான். அவரும் தொட்டதில்லை, எங்கிட்ட சொல்லியிருக்கார்."

"மின்ன தொட மாட்டாருதாம்மா. இப்பதான், நீங்க சிலிண்டரு குடுத்தப்பறம். வந்தா இழுத்துக்கலாம், இனிமே எனக்கு இன்னா பயம்னு சொல்லிகினே ஊத்திக்குவாரு."

பரசுராமன் கொட்டகையைச் சுற்றி மெதுவாக நடந்தார். மண்ணில் வண்டித் தடம் எதுவும் இல்லை. எடுத்த ஆள் தனி ஆள். தூக்க முடியாமல் உருட்டியிருக்க வேண்டும். உருட்டினால் வெகுதூரம் போயிருக்க முடியாது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் நின்றது. அதன் அடியில் ஏழெட்டுப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சுற்றிவந்தார்கள்.

நடுவில் ஒரு லிங்கம். முழங்கால் உயரம், கரிய உடம்பு, உருண்ட தோள். மேலே அப்பிய திருநீறு, உச்சியில் சிவப்புத் துணி, கழுத்தில் சம்பங்கி மாலை.

"எப்பலேர்ந்து இங்க இருக்கு?" என்று ஓர் அம்மாளைக் கேட்டார்.

"காலையில பாத்தோம் சார். சுயம்பா மொளைச்சிருக்கு. எல்லாம் கண்ணீர்ச்சாமி மகிமை."

கவிநிலா குனிந்து சிவப்புத் துணியை லேசாக விலக்கிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் சிரிப்பை அடக்கிக் கோணியிருந்தது. அவர் காதருகே வந்து சொன்னாள்: "சார், இந்தச் சாமிக்கு வால்வு இருக்கு."

வாழைக்கன்று வைக்க வெட்டிய குழியில் பாதி புதைந்து, வெள்ளைக் கழுத்தைத் திருநீற்றில் மறைத்துக்கொண்டு, டாக்டரின் சிலிண்டர் நின்றுகொண்டிருந்தது. இந்த ஊரில் ஒரு பொருளை எவனும் தொடாமல் இருக்க வேண்டுமென்றால் இதைவிடப் பத்திரமான பூட்டு கிடையாது. வேறு சமயமாக இருந்தால் பரசுராமன் மனம்விட்டுப் பாராட்டியிருப்பார். அவர் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பூ, நல்ல நார். ஆனால் கட்டத் தெரிந்த கை கட்டிய மாலை இப்படியா தொளதொளவென்று தொங்கும்? முடிச்சுகளெல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தன. இடது கையால் நீட்டிய டீத் தம்ளர் அவர் நினைவில் வந்து நின்றது. விருந்தாளிக்கு இடது கையால் கொடுக்கிற பெண் நம் பக்கத்தில் கிடையாது, வலது கை உருப்படியாக இருந்தால்.

பொன்னி கொட்டகையின் பின்வாசலில் பூக்கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாரைக் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு இடது கையால் கட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் மூன்று பேரும் வந்து நின்றதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடவில்லை, மழுப்பவில்லை.

"கெணத்துல போட்டிருக்கலாம் சார். மனசு வர்ல. அதுவும் ஒரு உசுரு மாதிரிதானே. சாமியா வெச்சா எவனும் தொட மாட்டான்னு தோணிச்சு."

"வலது கையைக் காட்டும்மா" என்றார் பரசுராமன்.

தலைப்பிலிருந்து எடுத்தாள். மணிக்கட்டு வீங்கி, மஞ்சள் பத்துப் போட்டிருந்தது. கவிநிலா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணாலம் ஆனதுலேர்ந்து வருசத்துல மூணு மாசம்தான் சார் நான் மனுசியா இருந்தேன்" என்றாள் பொன்னி. குரலில் அழுகை இல்லை. "வலி மாசம். குடிச்சா வலி பின்னிரும்னு அந்த மாசம் மட்டும் தொட மாட்டாரு. எங்கைய நெஞ்சுல வெச்சுகினு கொயந்த மாதிரி அழுவாரு. தலையப் புடிச்சு வுடுவேன். அவரு வலிக்கட்டும்னு நான் வேண்டிக்கல சார், சத்தியமா. ஆனா அந்த மூணு மாசம் எனக்குத் திருநாளு. மத்த மாசம் அதே கை..." நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்த்தாள். "அந்த மூணு மாசத்தயும் இந்தம்மா கொண்டாந்து வெச்ச சிலிண்டரு எடுத்துக்கிச்சு."

அன்புச்செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு வருஷமா அவர் தூக்கம், பசி, வெயில், வேலை, எல்லாத்தையும் கேட்டேன். எதனால வலி கிளம்புதுன்னு ஒவ்வொண்ணா..."

"அவரைக் கேட்டீங்க டாக்டரம்மா. என்னை ஒரு நாளாவது கேட்டீங்களா? டீ குடுத்தேன், குடிச்சீங்க."

மூளைக்குள் வலி எந்த இடத்தில் பிறக்கிறது என்று தேடிவந்தவருக்கு, பக்கத்து அறையில் வலி இருந்தது கண்ணில் படவில்லை. பரசுராமனுக்கு அவர்மேல் கோபம் வந்தது. தான் மட்டும் என்ன கிழித்தோம் என்று யோசித்தபோது அந்தக் கோபமும் சப்பென்று ஆகிவிட்டது. அவர் பார்த்தது ஒரு துப்பு மட்டும்தான். கைக்குச் சொந்தக்காரியைப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் கொட்டகைக்குள்ளிருந்து ஓர் ஓலம் கிளம்பியது.

வெயில் தணிந்துவிட்டது. வாசலில் கூடியிருந்த ஜனம் "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று முழங்கியது. உள்ளே தகரச் சுவரில் தலை மோதுகிற சத்தம் கேட்டது. "அப்பா... அப்பா... கண்ணைப் பிடுங்கிருங்கடா..." இரும்பு மனுஷனையும் உலுக்குகிற குரல். எதிரே பொன்னியின் வீங்கிய மணிக்கட்டு. சிலிண்டரைக் கொடுத்தால் அவளுக்கு நரகம், கொடுக்காவிட்டால் அவனுக்கு. இத்தனை வருஷத் துப்பறியும் தொழிலில், கண்டுபிடித்த பொருளைத் தொலைத்துவிட மாட்டோமா என்று பரசுராமன் ஏங்கியது இதுதான் முதல் தடவை.

முடிவை அவருக்கு விட்டுவைக்காமல் பொன்னி எழுந்து வேப்பமரத்துக்கு ஓடினாள். மாலையைப் பிய்த்து எறிந்து, ஒற்றைக் கையால் மண்ணைத் தோண்டினாள். சுற்றிநின்ற பெண்கள் பதறினார்கள்.

"தூக்குங்க சார். அவரு செஞ்சதெல்லாம் மனசுல வெச்சுகினு இந்தச் சத்தத்தைக் கேட்டுகினு இருந்துரலாம்னு பாத்தேன். என்னால ஆவல."

பரசுராமனும் கவிநிலாவும் தூக்கிவந்தார்கள். டாக்டர் ரெகுலேட்டரைப் பொருத்தி வால்வைத் திறந்தார். பொன்னிதான் முகமூடியை அவன் முகத்தில் வைத்து அழுத்திப் பிடித்தாள். ஆதிமூலம் மூழ்கப்போனவன் மாதிரி இழுத்து இழுத்து மூச்சுவிட்டான். அவனை அவர் இவர் என்று நினைக்க இனிமேல் பரசுராமனுக்கு மனசு ஒப்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உடம்பின் துடிப்பு அடங்கியது. சிவந்த கண் தெளிந்தது. ஜனம் வாசலில் கைகூப்பி, மூச்சடக்கி நின்றது.

ஆதிமூலம் முகமூடியை விலக்கினான். முகம் சாந்தமாக இருந்தது. மெல்லக் கேட்டான்: "எவன் எடுத்தது?"

பரசுராமன் ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிற எவன் தலையிலாவது போட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்றாள் பொன்னி.

ஆதிமூலத்தின் கை மேலே போனது. பழகிய வேகம். பாதி வழியில் அவன் கண் வாசலைப் பார்த்தது. நூறு ஜோடிக் கண்கள், கூப்பிய கைகள். மேலே போன கை அங்கேயே ஒரு கணம் நின்றது. விரல்கள் விரிந்தன. பிறகு அது மெதுவாக இறங்கி, பொன்னியின் தலைமேல் அமர்ந்தது.

"அரோகரா! அரோகரா!" கொட்டகை அதிர்ந்தது. ஒரு கிழவி கண்ணீர்விட்டாள். "பொஞ்சாதிக்கே ஆசீர்வாதம் குடுக்குது பாரு, எப்பேர்ப்பட்ட சாமி!"

பக்கத்தில் நின்ற பரசுராமனுக்கு மட்டும் தெரிந்தது. அவள் தலையில் வைத்திருந்த பூவுக்கு அடியில் அவன் விரல்கள் அவள் முடியைக் கொத்தாகப் பற்றித் திருகிக்கொண்டிருந்தன. பொன்னி கண்ணை இறுக மூடியிருந்தாள்.

அவர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "எடுறா கையை."

"யோவ்! சாமி மேலயே கைய வெக்கிறியா?" நாலைந்து பேர் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

"வுடுங்க சார்" என்றாள் பொன்னி, கண்ணைத் திறக்காமலே. அவருக்கு மட்டும் கேட்கிற குரல். "கூட்டம் இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாது. கலைஞ்சப்பறம்தான்."

கவிநிலா அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் இப்படிக் கேலியில்லாமல் பேசிப் பரசுராமன் கேட்டதில்லை. "அக்கா, இன்னிக்குப் பௌர்ணமி. ரோட்டைப் பாருங்க. விடிய விடியக் கலையாது."

பொன்னி கண்ணைத் திறந்து வாசலுக்கு வெளியே பார்த்தாள். பாதை முழுக்க ஜனம் நகர்ந்துகொண்டிருந்தது. தன் இடது கையைத் தூக்கி, தலைமேல் இருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இத்தனை பேர் பார்க்கும்போது ஆதிமூலத்தால் எதுவும் செய்ய முடியவில்லை. எழுந்து நடந்தாள். சாமி தொட்ட தலை என்று ஜனம் விலகி வழிவிட்டது. இரண்டு பெண்கள் அவள் கூந்தலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கவிநிலா அவளுடைய வீங்கிய கைப்பக்கம் அணைத்தாற்போல நடந்தாள். பாதையில் இறங்கியதும் கூட்டம் இரண்டு பேரையும் உள்ளே வாங்கிக்கொண்டது.

"ஏய்! பொன்னீ!" என்று ஆதிமூலம் கத்தினான். எழுந்து வாசலுக்கு வரப் பார்த்தான். அதற்குள் ஆசீர்வாதத்துக்கு முந்தியடித்த தலைகள் அவன் இடுப்பையும் காலையும் சூழ்ந்துகொண்டன. "வுடுங்கடா! அவளைப் புடிங்கடா!" என்று திமிறினான்.

"சாமிக்கு அருள் வந்துடுச்சு!" என்று சின்னசாமி கற்பூரத்தைக் கொளுத்தினான். நாலு பேர் ஆதிமூலத்தைத் தாங்கிப் பிடித்து, பயபக்தியோடு மணையில் மறுபடி உட்கார வைத்தார்கள். அவன் கத்தக் கத்த அரோகரா சத்தம் கூடிக்கொண்டே போனது. பொன்னி திரும்பிப் பார்க்கவில்லை.